கடல்பச்சைப் பூவுக்குக் காவல்

செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீட்டின் கதவைத் திறந்த நார்மன் ஹெஸ்லப் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் சின்ன மின்சார ஹீட்டர் ஊமையாகக் கிடந்தது. கண்ணாடியின் உட்பக்கமெல்லாம் உறைபனி பூப்பூவாகப் படர்ந்திருந்தது. வெளிப்பக்கத்தில் படர்ந்தால் யாரும் கேட்க முடியாது, பிப்ரவரி மாதத்துக்கு அந்த உரிமை உண்டு. உட்பக்கத்தில் படரக் கூடாது. இந்த ஒரு சங்கதி மட்டும் நார்மனுக்குத் தெரியும். மனைவி முரியல் சொல்லியிருக்கிறாள்.

மற்ற சங்கதிகளையும் அவள் சொல்லித்தான் இருப்பாள். அவர்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அக்டோபரில் ஒரு நாள் துணி காயப்போடப் போனவள், பின்வாசல் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்து அப்படியே போய்ச் சேருவாள் என்று அவர் கண்டாரா?

நார்மன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் நார்தம்பர்லண்ட் மலைப் பள்ளத்தாக்கில் அவருடைய பஸ்ஸில் ஏறாதவர்கள் யாரும் இல்லை. ஏறியவர்களில், முரியலின் செடிகளைப் பற்றி அவர் சொல்லிக் கேட்காதவர்களும் இல்லை. அவை ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து வந்த கிழங்குகள். குளிர்காலத்தில் இலை விட்டு, வசந்தத்தில் பூத்து, கோடை முழுக்க மண்ணுக்குள் தூங்குபவை. எங்கள் ஊர்க் குளிரில் ஆடே ஆட்டம் காணும். அந்தச் செடிகள் இரண்டு இரவு தாங்காது. அவற்றில் ஒன்றின் பூ கடல்பச்சை நிறம், நடுவில் மை கொட்டினாற்போல ஒரு கருவட்டம். அதைப் பூக்கவைக்கத் தெரிந்தவள் இந்த வட்டாரத்திலேயே முரியல் ஒருத்திதான்.

கல்யாணமான புதிதில், மழைக்கு ஒதுங்க ஹெக்ஸமில் ஒரு மலர்க் கண்காட்சிக்குள் இருவரும் நுழைந்தார்கள். அந்தப் பச்சைப் பூவின் முன்னால் முரியல் வெகுநேரம் நின்றாள். நார்மன் வீட்டுக்கு வெளியே வாயாடி, வீட்டுக்குள் வாய் பேசாதவர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பின்கட்டில் இருந்த தன்னுடைய பந்தயப் புறாக் கூண்டைப் பிரித்துப்போட்டார். புறாக்களை இன்னொருவருக்குக் கொடுத்தார். டிப்போவில் உடைத்துப் போட்ட பழைய பஸ்களின் ஜன்னல்களை வாங்கிவந்து அந்த இடத்தில் கண்ணாடி வீடு கட்டினார். ஒரு கண்ணாடியில் 'அவசர வழி' என்ற சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. நடுவில் அந்தப் பச்சைப் பூச் செடி ஒரு தொட்டியில். திரும்பி வந்து பார்த்த முரியல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நார்மன் புரிந்துகொண்டார். அவர் வாழ்க்கையிலேயே பெருமையான நாள் அது.

அந்த வீட்டின் உட்பக்கத்தில்தான் இப்போது பனி.

குளிரில் விறைத்தவனுக்கு என்ன செய்வோம்? வீட்டுக்குள் கூட்டிவந்து அடுப்பருகே உட்காரவைப்போம். நார்மனும் அதைத்தான் செய்தார். தொட்டிகளையெல்லாம் தூக்கிவந்து முன்னறையில் சோபா மேலும் மேஜை மேலும் ஜன்னல் திண்டிலும் வைத்தார். எரிவாயு அடுப்பை முழுசாகத் திருப்பிவிட்டார். பூவாளியில் வெந்நீர் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினார்.

செடிகள் சாகவில்லை. அதற்கு நேர்மாறாக, கிளம்பிவிட்டன. இலைகள் வெளிறிப்போய், நாளுக்கு ஒரு சாணாக நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் சனிக்கிழமை மாலைக் குடிகாரர்களைப் போல ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தன. நார்மன் முரியலின் பின்னல் ஊசிகளைத் தேடியெடுத்து ஒவ்வொன்றுக்கும் ஊன்றிக் கம்பளி நூலால் கட்டினார். உட்கார இடமில்லாததால் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார்.

இந்த நிலையில்தான் ஆல்வின் டாட்ஸ் வந்து கதவைத் தட்டினார். ஆல்வின் பல் மருத்துவராக இருந்தவர், இப்போது மலைச்செடிச் சங்கத்தின் செயலாளர். ஊரில் பாதிப் பேர் இன்னும் அவரைப் பார்த்தால் தானாகவே வாயை மூடிக்கொள்வார்கள். நார்மன் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, அந்த இடைவெளியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டார்.

ஆல்வின் தொப்பியைக் கழற்றினார். சங்கத்தில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். மே மாதக் கண்காட்சியில் முரியல் பெயரில் ஒரு கோப்பை. நடு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, போட்டியில் சேர்க்காமல், மரியாதைக்காக அவளுடைய பச்சைப் பூ மட்டும் இருக்க வேண்டும். நார்மனே தன் கையால் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

நார்மன் வேகமாகத் தலையாட்டினார். வைக்கிறேன் என்றார்.

"செடி எப்படி இருக்கு?" என்று ஆல்வின் கேட்டார்.

"நல்லா இருக்கு."

"இலை என்ன உயரம்?"

"நல்ல உயரம்," என்றார் நார்மன். அன்றைக்கு அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

ஆல்வினின் நெற்றி சுருங்கியது. "ரொம்ப உயரமா போகக் கூடாது, நார்மன். அதுக்குச் சூடு வேண்டாம், வெளிச்சம்தான் வேணும். குளிர்ச்சியா இருக்கணும், உறையாம இருந்தா போதும். வீட்டுக்குள்ள வச்சா கெட்டுச்சு."

வீட்டுக்குள் யாராவது வைப்பார்களா என்று நார்மன் சிரித்தார். ஆல்வினும் சிரித்தார். அவர் முதுகு தெருமுனையில் மறைந்ததும் நார்மன் ஹீட்டரின் ஃபியூஸை மாற்றி, தொட்டிகளைத் திரும்பவும் கண்ணாடி வீட்டுக்குச் சுமந்தார். வழியில் பாதி இலைகள் முறிந்தன.

ஹீட்டர் மறுபடி அணைந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வி அவரைத் தின்றது. மேட்டுப் பண்ணையில் கேட்டு ஒரு கட்டு வைக்கோல் வாங்கிவந்து, தொட்டிகளுக்கு இடையிலும் பலகைக்கு அடியிலும் நன்றாகத் திணித்தார். பார்ப்பதற்கே கதகதப்பாக இருந்தது. அப்படித்தான் சுற்றுவட்டாரத்து எலிகளுக்கும் தோன்றியது. அவை குடும்பத்தோடு வந்து வைக்கோலில் குடியேறின. படுக்க இடம் கிடைத்தாயிற்று, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று தேடியபோது, ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் யாரோ வேர்க்கடலை போலக் கிழங்குகளைப் புதைத்துவைத்திருப்பதைக் கண்டன.

பலகை மேல் கிழங்குத் தோல்கள் கிடப்பதைப் பார்த்த நார்மன் மதுக்கடைக்கு ஓடினார். அங்கே பிஷப் என்றொரு பூனை உண்டு. பெயருக்கேற்ற கனம், பெயருக்கேற்ற நடை. கடைக்காரம்மா அதைக் கூடையில் வைத்துக் கொடுத்தாள். "பத்திரமா பாத்துக்குங்க, அவனுக்குப் பழக்கமில்லாத இடம்," என்றாள். நார்மன் பிஷப்பைக் கண்ணாடி வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். அன்று நிம்மதியாகப் படுத்தார்.

பிஷப் எலிகளோடு சண்டைக்கே போகவில்லை. அவருக்கு வேறு அவசரம் இருந்தது. முரியலின் கிழங்குகள் சாதாரண மண்ணில் வளர்வதில்லை. பொடிக் கல்லும் மணலும் கலந்து, நீர் நிற்காமல், தொட்டால் உதிரும்படி அவள் பார்த்துப் பார்த்துக் கலந்துவைத்தது. ஒரு பூனைக்குச் சொர்க்கத்தில்கூட அவ்வளவு வசதியான கக்கூஸ் கிடைக்காது. பிஷப் ஒரு தொட்டியில் முடித்து, திருப்தியில்லாமல் இன்னொன்றில் தோண்டி, பிறகு எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்திருந்தார். காலையில் நார்மன் கதவைத் திறந்தபோது பூனை வைக்கோலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிகள் கவிழ்ந்து, பெயர்ச்சீட்டுகள் சிதறி, கிழங்குகள் மண்தரையெங்கும் இறைந்துகிடந்தன.

நார்மன் பூனையைத் திட்டவில்லை. மண்டியிட்டார். முரியல் தொட்டி மாற்றும்போது வைத்திருக்கும் பல் வளைந்த முள்கரண்டி பலகையின் ஓரத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தரையைக் கிளறி, கிழங்கு போல எது கண்ணில் பட்டாலும் பொறுக்கிப் பொறுக்கி மடியில் சேர்த்தார். பெரும்பாலானவை கடித்துக் குதறப்பட்டிருந்தன. எது எந்தத் தொட்டியுடையது என்று அந்தப் பூனைக்குத்தான் தெரியும். பலகையின் அடியில், மண்ணில் பாதி புதைந்து, ஒன்றே ஒன்று மட்டும் காயமில்லாமல், கொழுகொழுவென்று, வெள்ளை முளை விட்டு இருந்தது. முரியலின் செல்லம் இதுவாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டினார். வேறு எதாகவும் இருக்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. அதை அவளுடைய நல்ல மண்தொட்டியில் நட்டு, பச்சைப் பூவின் பெயர்ச்சீட்டைக் குத்திவைத்தார்.

மற்றத் தொட்டிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ தலைகாட்டி, கறுத்து, மடங்கியது. இந்த ஒன்று மட்டும் வளர்ந்தது. பளபளவென்று, கத்தி போல, ஆரோக்கியமான இலைகள். ஆல்வின் சொன்னபடி வெளிச்சம் காட்டினார், குளிர்ச்சியாக வைத்தார். காலையில் டீயை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்து உட்காரவும் பழகிவிட்டார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான், முரியல் உயிரோடு இருந்தபோது தான் இங்கே ஒரு நாளாவது உட்கார்ந்தோமா என்று யோசித்தார். இல்லை. அவள் இங்கே இருப்பாள், அவர் சமையலறையில் வானொலியோடு இருப்பார். செடிகளோடு அவள் தனியாக இருக்க ஆசைப்படுவாள், நாம் போய் ஏன் கெடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவளுடைய குனிந்த முதுகு தெரியும். சில சமயம் வேலை எதுவும் செய்யாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பூக்களோடு பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். இப்போது அவர் பேசினார். மழை வந்தது, ரொட்டி தீர்ந்தது, உன் போர்வையை வெளுத்தேன், நிறம் போய்விட்டது. செடிக்குத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் ஜில் போர்ச்சுகலில் குடும்பத்தோடு இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். ஈஸ்டருக்கு வரச் சொன்னாள்.

"எப்படிம்மா வர்றது? அம்மாவோட பூ மொட்டு விடப்போகுது. ஹீட்டர யாரு பாப்பா?"

ஜில், "அம்மா இருந்தப்பவும் இதேதான்," என்றாள். "ஒரு குளிர்காலமாவது ரெண்டு பேரும் வந்து எங்க கூட இருந்திருக்கீங்களா? உங்களக் கேட்டா அம்மாவால செடிய விட்டு வர முடியாதும்பீங்க. அம்மாவக் கேட்டா பேச்ச மாத்திருவாங்க. இப்ப நீங்களாவது வாங்கப்பா. வீட்ல தனியா இருக்கீங்க."

கண்காட்சி முடியட்டும், வருகிறேன் என்றார் நார்மன். அவள் நம்பவில்லை என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது.

ஏப்ரல் முடிவில் இலைகளின் நடுவிலிருந்து ஒரு தண்டு எழுந்தது. அதன் உச்சியில் நெருக்கமாக மொட்டுகள். பச்சையும் இல்லை நீலமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு நிறம். கடல்பச்சைதான், வேறென்ன. நார்மன் அன்று போய் முடி வெட்டிக்கொண்டார். முரியலின் கல்லறைக்குப் போய், "வருது," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

கண்காட்சி நாளன்று தொட்டியைச் செய்தித்தாளில் சுற்றி, காரின் முன்சீட்டில் முரியல் உட்காரும் இடத்தில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டார். பஸ் ஓட்டிய காலத்தில்கூட அவ்வளவு மெதுவாக அவர் போனதில்லை. பின்னால் கார்கள் வரிசை கட்டி நின்றன, எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. சாலையின் இரு பக்கமும் காடு முழுக்க நீலமணிப் பூக்கள், தரை தெரியாமல் நீலக் கம்பளம் விரித்தாற்போல. ஒவ்வொரு மே மாதமும் அப்படித்தான். நார்மன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கண் சாலையிலும் தொட்டியிலும் மட்டும் இருந்தது.

ஊர் மன்றத்தின் நடு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து முரியலின் பெயரெழுதிய அட்டை வைத்திருந்தார்கள். சங்கத்தார் எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆல்வின் சின்னதாக ஒரு பேச்சுப் பேசினார். முரியலைப் போல பொறுமைசாலி கிடையாது என்றார். அந்தப் பொறுமை அவர் கணவருக்கும் இருப்பதை இன்று பார்க்கிறோம் என்றார். பிறகு செய்தித்தாளைப் பிரித்தார்.

கார் ஜன்னல் வழியே வந்த வெயிலில் மொட்டுகளில் கீழிருந்த சில விரிந்திருந்தன. தண்டு தலை கவிழ்ந்து, சின்னஞ்சிறு நீல மணிகள் ஒரு பக்கமாகத் தொங்கின. ஆல்வினின் முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய ஜன்னலில், குன்று முழுக்க அதே மணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

யாரோ ஒரு அம்மா இருமினாள். ஆல்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு தொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, நடு மேஜையில், அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். பெயர்ச்சீட்டு இருந்த பக்கத்தை மட்டும் பின்பக்கமாகத் திருப்பினார்.

"ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்க, நார்மன்," என்றார். குரல் கொஞ்சம் கரகரத்தது. கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

நார்மன் பூவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். திரும்பவும் பூவைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் அவர் மிதித்து நடந்த பூ. கண்ணாடி வீட்டின் மண்தரைக்குள் எந்தக் காலத்திலோ காட்டிலிருந்து நுழைந்த களை. எல்லோருக்கும் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டு, நிதானமாக நடந்து, மன்றத்தின் பின்பக்கச் சமையலறைக்குள் போனார்.

அங்கே ஷெரில் டீப் பாத்திரத்தின் குழாயருகே நின்று கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தலை கழுவி முடியைச் சுருட்டிவிடுபவள் அவள்தான், முரியலுக்கும். நார்மனின் முகத்தைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஹீட்டர், முன்னறை, பின்னல் ஊசி, வைக்கோல், எலி, எல்லாம் சொன்னார். பிஷப்பின் கட்டத்துக்கு வந்தபோது ஷெரில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள், பிறகு டீத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நார்மன் சிரிக்கவில்லை.

"அவ உசிரா வளர்த்தது, ஷெரில். ஒரு குளிர்காலம் எங்கிட்ட விட்டா, ஒண்ணு பாக்கியில்லாம கொன்னுட்டேன். அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

"விடுங்க, கண்ணு," என்றாள் ஷெரில். வயது பார்க்காமல் எல்லோரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொன்னதில்ல." குரல் தாழ்ந்தது. "எனக்கு அந்தச் செடிங்க மேல ஒரு நாளும் ஆசை இருந்ததில்ல. பூத்தா ஒரு வாரம், பூக்காட்டி அதுவும் இல்ல. வருஷம் பூரா அதுக்குக் காவல். ஜில்லு வீட்டுக்குப் போயி வெயில்ல உக்காரணும்னு எத்தன தடவ நெனச்சிருக்கேன் தெரியுமா? வாயத் தெறக்கல. அவ சந்தோஷமா இருந்தா போதும்னு இருந்தேன். அதத்தான் இப்ப நாசம் பண்ணிட்டேன்."

ஷெரில் குழாயை மூடவில்லை. கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, டீ மேஜையில் வழிந்து தரையில் சொட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கும் அதுங்களக் கண்டாலே ஆகாது, கண்ணு," என்றாள். "நார்மனுக்கு அதுல அவ்வளவு பெருமை, அவர் மனசு நோகக் கூடாதேன்னுதான் கட்டிக்கிட்டு அழறேன்னு, தல கழுவிவிடறப்ப எல்லாம் எங்கிட்ட சொல்லுவாங்க."